கழி ஒன்பது

போன் வந்தபோது கடை வாசலில் மிளகாய் வத்தல் மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. பேசியது சசி. ஆரியசாலையில் வேலாயுதம் அண்ணாச்சி குடியிருந்த மாடிக்கு நேர் கீழே பூட்டு ரிப்பேர் கடை வைத்திருப்பவன். "சேட்டா, வேலாயுதன் சேட்டன் போயி" என்றான். நாற்பது வருஷமாக இந்த ஊரில் வியாபாரம் செய்கிறேன். மலையாளம் எனக்குத் தடை இல்லை. ஆனாலும் என் காதில் முதலில் விழுவது தமிழ்தான். தமிழில் 'போயி' என்றால் பேச்சு முடியவில்லை என்று அர்த்தம். போய் என்ன செய்தார் என்று ஒரு மீதி வர வேண்டும். நான் அந்த மீதிக்காகக் காத்து நின்றேன். வரவில்லை. "எங்க போயி?" என்று கேட்டேன். சசி அழுதுகொண்டே, "போயி சேட்டா" என்றான்.

அன்றிலிருந்து சாலை பஜாரில் என்னைப் பார்க்கிற நீங்கள் எல்லோரும் இரண்டு கேள்வி கேட்கிறீர்கள். எப்படிப் போனார்? அவருடைய புத்தகங்களெல்லாம் எங்கே? முதல் கேள்விக்குப் பதில் சுலபம். காலையில் குளித்து, நெற்றியில் சந்தனம் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து ஒரு புத்தகத்தை விரித்திருக்கிறார். அவ்வளவுதான். இருதயம் என்றார் டாக்டர். இரண்டாவது கேள்விக்குத்தான், "பாத்துக்கிட்டிருக்கேன்" என்று சொல்லி இத்தனை நாளும் நழுவி வந்தேன். நம் பஜார் வியாபாரிகளின் இந்த இதழில் அவரைப் பற்றி எழுதச் சொன்னதும் நான் உடனே ஒத்துக்கொண்டேனே, அது எழுத்து ஆசையால் இல்லை. எல்லோருக்கும் ஒரே தடவையில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான். அவர் தேடித் தேடிச் சேர்த்து வாசித்த புத்தகங்களை நான் பழைய பேப்பருக்கு அனுப்பிவிட்டேன். எரிச்சலில் இல்லை, இடம் இல்லாததால் இல்லை. நல்லது செய்கிறேன் என்று நினைத்து, பொறுக்கிப் பொறுக்கி அனுப்பினேன்.

அண்ணாச்சியைத் தரகராகத்தான் உங்களில் பாதிப்பேருக்குத் தெரியும். கோவில்பட்டிப் பக்கத்து ஆள். நான் சாத்தூர்ப் பக்கம். நான் இங்கே மூட்டை தூக்க வந்தவன். சொந்தமாகக் கடை போட்ட அன்று முதல் சரக்கை முடித்துக் கொடுத்த தரகர் அவர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். வத்தலைப் பார்க்கிற விதம் அவருக்கென்று ஒன்று உண்டு. நாமெல்லாம் நிறம் பார்ப்போம், காம்பு பார்ப்போம், கிள்ளி மூக்கில் வைப்போம். அவர் ஒரு வத்தலை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் ஆட்டுவார். விதை கிலுகிலுவென்று பேசினால்தான் சரக்கு. ஒரு தடவை பளபளவென்று வந்த லாட்டை நான் வாங்கியே தீருவேன் என்று நின்றேன். ஆட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வேண்டாம் மாரியப்பா. நனஞ்ச சரக்கைக் காய வச்சிருக்கான். தோலு பொய் சொல்லும், விதை சொல்லாது." நான் கேட்கவில்லை, வாங்கினேன். பத்தாம் நாள் மூட்டை பூத்துவிட்டது. அதற்காக ஒரு சொல் குத்திக் காட்டவில்லை. மூட்டையைச் சுற்றி வந்துவிட்டு, "பூஞ்சை பத்தி ஒரு புஸ்தகம் இருக்கு, நல்லா எழுதியிருக்கான்" என்றார். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

நடந்துகொண்டே வாசிப்பவர் என்பது உங்களுக்குத் தெரியும். ஆரியசாலையிலிருந்து நடந்து என் கடைக்கு வந்து சேர்வதற்குள் பதினைந்து பக்கம் முடித்துவிடுவார். சாலை பஜாரில் வெறும் கையோடு நடப்பதற்கே நாலு கண் வேண்டும். ஒருநாள் வெங்காய மூட்டை ஏற்றிய ஒரு சுமட்டுக்காரர் இடித்து, அண்ணாச்சி ஓடை ஓரத்தில் விழுந்தார். முழங்கையில் ரத்தம். நான் ஓடிப் போய்த் தூக்கினேன். எத்தனை தடவை கூப்பிட்டேன் என்று அந்த ஆள் மூட்டையை இறக்காமலே கத்தினார்: "எத்ர வட்டம் விளிச்சு! வழி, வழின்னு! சேட்டனுக்குக் காதும் இல்லே?"

அண்ணாச்சி அவரைப் பார்க்கவே இல்லை. புத்தகத்தைத் தூசி தட்டிப் புரட்டிக்கொண்டிருந்தார். "பக்கம் போச்சே, மாரியப்பா. கொலைகாரன் இப்பத்தான் வாயத் தொறந்தான்."

"கை ஒடிஞ்சிருக்கும் அண்ணாச்சி. நடக்கும்போது பாதையைப் பாருங்க."

"நாப்பது வருசமா ஒரே பாதை. அதுல புதுசா என்ன எழுதிருக்கு?"

சுமட்டுக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மறுநாளிலிருந்து அவர் தூரத்திலேயே, "கொலைகாரா, வழி!" என்று கூப்பிடத் தொடங்கினார். அண்ணாச்சியும் அதற்குச் சரியாக ஒதுங்கினார்.

கொலைக் கதைதான் வாசிப்பார் என்று எண்ணிவிடக் கூடாது. ஆடு வளர்ப்பு, ரயில்வே கால அட்டவணை, இலக்கணம், பாம்புக்கடி வைத்தியம், பழைய நிலச்சட்டம், கப்பல் கட்டுகிற முறை, நாட்டார் கதை, நட்சத்திரம் பார்ப்பது, கணக்குப் புதிர், மலையாளத்தில் யானைக்கு வரும் நோய்கள். இவற்றில் ஒன்றுக்கும் அவருக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. ஆடு வளர்த்தவரில்லை, கப்பலைக் கண்டால் தலை சுற்றும் என்பார். என் கடைப் பில்லுக்குப் பின்னால் பொடி எழுத்தில் அச்சடித்த நிபந்தனைகளைக்கூட வாசித்துவிட்டு, ஏழாவதும் நாலாவதும் ஒன்றையொன்று மறுக்கின்றன என்று சொன்னார். உண்மைதான். பதினெட்டு வருஷம் அந்தப் பில் புழக்கத்தில் இருந்தது, ஒருத்தன் சொல்லவில்லை.

ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன். "அண்ணாச்சி, யானைக்கு வயித்து வலி வந்தா உமக்கு என்னவே? இதுல என்ன லாபம்?"

"லாபம் பாக்கத்தானே பகல் பூரா உன் கடை வாசல்ல நிக்கேன்" என்றார். "எல்லா நேரமும் லாபம் பாத்தா மனுசன் என்னத்துக்கு ஆவான்?"

எனக்கு அது சுருக்கென்று குத்தியது. கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அவர் புத்தகம் இரவல் தரமாட்டார். இதையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். போனவரைப் பற்றி நல்லது மட்டும் எழுதினால் அவரே சிரிப்பார். எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் மதியம் வந்தார். கையில் ஆரஞ்சுப் பழம், கக்கத்தில் புத்தகம். எனக்கோ படுத்துக் கிடந்தே பழக்கம் இல்லை. கட்டிலே முள்ளாகக் குத்தியது. "அந்தப் புஸ்தகத்தையாவது குடுங்க, புரட்டிப் பாக்கேன்" என்றேன். "தரமாட்டேன்" என்றார். ஆரஞ்சை உரித்து என் கையில் கொடுத்துவிட்டு, நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, அவர் வாசிக்க ஆரம்பித்தார். இரண்டு மணி நேரம். நடுவில் ஒரு தடவை குலுங்கிச் சிரித்தார். "என்ன அண்ணாச்சி?" என்றேன். "சொன்னா உனக்குச் சிரிப்பு வராது. நீயே வாசிச்சா வேற இடத்துல வரும்" என்றார். இவர் நோயாளியைப் பார்க்க வந்தாரா, காற்று வாங்க வந்தாரா என்று என் வீட்டுக்காரி கேட்டாள். ஆனால் எட்டு நாளும் வந்தது அவர் ஒருவர்தான் என்பதையும் அவளேதான் சொன்னாள்.

கடையில் நாம் பார்த்த வேலாயுதம் அண்ணாச்சி பாதி ஆள். மீதிப் பாதி ஆரியசாலை மாடியில் இருந்தது. அங்கே அவர் வேலாயுதன் சேட்டன். தையல் டீச்சராக இருந்த சரோஜினியம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டவர். அந்த அம்மா நெய்யாற்றின்கரைக்காரி. வீட்டுக்குள் மலையாளம்தான். ஒரே மகள் பிந்து மலையாளம் படித்து வளர்ந்தவள், தமிழ் பேசுவாள். தமிழ் எழுத்து தெரியாது. சரோஜினியம்மா ஆறு வருஷத்துக்கு முன்னால் இறந்தபோதுதான் நான் முதல்முறையாக அந்த மாடிக்குப் போனேன். அடுப்படியில் அரிசி டின்னுக்கு மேல் புத்தகம். தையல் மிஷினுக்குக் கீழே புத்தகம். வந்தவர்களிடம் அவர், "அவள் போயி... இனி ஞான் எந்து செய்யும்?" என்று மலையாளத்தில் புலம்பிக்கொண்டிருந்தார். முப்பத்துச் சொச்சம் வருஷம் பழகின மனிதர் வேறு மொழியில் அழுதுகொண்டிருந்தார். எனக்குக் கிட்டே போகக் கூச்சமாகிவிட்டது. வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன். அந்த மீதிப் பாதியைக் கொஞ்சமாவது தெரிந்து வைத்திருந்தால் இந்தத் தப்பு நடந்திருக்காது.

இனி தப்புக்கு வருகிறேன்.

பதினாறாம் நாள் முடிந்தது. பிந்துவுக்கு மஸ்கட்டில் வேலை. லீவு நாலே நாள்தான் மிச்சம். வீட்டுச் சொந்தக்காரர் நல்ல மனிதர், ஆனால் இடவப்பாதி மழைக்கு முன்னால் ஓடு மாற்றாவிட்டால் கூரை இறங்கிவிடும் என்றார். பக்கத்து வாயனசாலை, அதாவது நூலகம், அதன் ஆட்கள் வந்து எட்டிப் பார்த்து, "இத்ரயும் வெக்கான் ஸ்தலமில்ல. நல்லது நோக்கித் தெரிஞ்ஞெடுத்துத் தரணம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லாவற்றுக்கும் இடமில்லையாம், நல்லதைப் பொறுக்க வேண்டும். யார் பொறுக்குவது? பிந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அங்கிள், தமிழ் புக்கு ஒண்ணும் எனக்கு அறியில்ல. அச்சனோட கூட்டுக்காரர் நீங்கதான். பாத்துச் செய்யணும்."

தரம் பிரிக்கிறது எனக்குச் சொல்லித் தர வேண்டிய வேலை இல்லை. உள்ளே போய் ஒரு புத்தகத்தை எடுத்தேன். அதில் ஒரு சீட்டு இருந்தது. வத்தல் சாம்பிள் மடிக்கிற பழுப்புக் காகிதத்தில் கிழித்த துண்டு. அவருடைய நீலப் பென்சில். எழுதியிருந்தது: 'கழி 1'. அடுத்ததில் 'கழி 2'. இன்னொன்றில் சீட்டே இல்லை.

"என்னது அங்கிள் எழுதியிருக்கு?" என்று பிந்து கேட்டாள்.

எனக்கு அந்த எழுத்து அத்துப்படி. எங்கள் கடையில் வெளுத்த வத்தல், கறுத்த வத்தல், நொறுங்கின வத்தலைப் பிரித்து மூட்டை கட்டினால் மேலே 'கழி' என்று எழுதிக் கட்டுவோம். கழித்தது என்பதன் சுருக்கம். கழி ஒன்று என்றால் கொஞ்சம் தேறும், இரண்டு என்றால் சந்தேகம், மூன்று என்றால் குப்பை. என் மூட்டைகளில் அதை எழுதியதும் அண்ணாச்சிதான், இதே நீலப் பென்சிலால், இதே காகிதத்தில். "அப்பா எனக்கு வேலையே வைக்கலம்மா" என்றேன். "வேண்டாததையெல்லாம் அவரே கழிச்சு வச்சிருக்காரு."

அவளுக்கு நான் அர்த்தத்தைச் சொன்னேன். எழுதியிருந்ததை வாய்விட்டு வாசிக்கவில்லை. கழி என்று அந்த ஒரு சொல்லைச் சத்தமாகச் சொல்லியிருந்தால் போதும். எழுத்து தெரிந்த எனக்குச் சொல் பிடிபடவில்லை. சொல் தெரிந்த அவளுக்கு எழுத்து தெரியவில்லை.

சந்தேகம் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. மூன்றில் இரண்டு பங்கு புத்தகத்தில் சீட்டு இருந்தது. ஆனால் சீட்டு வைத்ததெல்லாம் முதுகு பிரிந்து, மஞ்சள் கறை பட்டு, ஓரம் மடங்கி இருந்தன. சீட்டு இல்லாதவை புத்தம் புதிதாக, பிரித்த மடிப்புக்கூட இல்லாமல் இருந்தன. நைந்தது கழிவு, மொறமொறப்பானது சரக்கு. நான் பிழைத்து வந்த கணக்கு அதுதான். மனுஷன் என்ன கறாராகத் தரம் பார்த்திருக்கிறார் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். எண் பெரிதானால் கழிவும் பெரிது என்பதால் மூன்றும் அதற்கு மேலும் எழுதியவற்றை முதல் வண்டியிலும், ஒன்றையும் இரண்டையும் மறுநாள் வண்டியிலும் பழைய பேப்பர் கடைக்கு ஏற்றினேன். நான்கு, ஐந்து, ஆறு என்றெல்லாம் இருந்தன. எங்கள் கடையில் மூன்றுக்கு மேல் கிடையாது. அங்கேயாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். அட்டை இல்லாமல், முதல் பக்கமும் இல்லாமல் ஒரு புத்தகம் வந்தது. சீட்டைப் பார்த்தேன். 'கழி 9'. "ஒம்பதா! இந்தப் புஸ்தகத்து மேல அண்ணாச்சிக்கு அப்படி என்ன கோவம்!" என்று சத்தமாகச் சிரித்து அதை வண்டியில் போட்டேன். பிந்துவும் கூடச் சிரித்தாள்.

கழிவு மூட்டை வெளியே போனால் சீட்டு கடையில் நிற்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதனால் ஒவ்வொன்றிலிருந்தும் சீட்டை உருவி ஒரு கவரில் போட்டுக்கொண்டேன். இரண்டே நாளில் வீடு காலி. சீட்டு இல்லாத புதுப் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கி என் கிட்டங்கி மாடியில் வைத்தேன். பிந்து கண் கலங்கி நன்றி சொல்லிவிட்டு விமானம் ஏறினாள். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

அவள் போன ஐந்தாம் நாள் மதியம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். எதிர்க்கடைப் பாத்திர வியாபாரி ராஜன் பல் குத்திக்கொண்டே தினமும் கேட்பதுபோலக் கேட்டார்: "மாரியப்பன் சேட்டா, ஊணு கழிஞ்ஞோ?"

"கழிஞ்ஞு" என்றேன்.

சொல்லிவிட்டுத் துண்டில் கை துடைத்துக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றேன். சாப்பாடு முடிந்தது. குளி கழிஞ்ஞு, பூஜை கழிஞ்ஞு, கல்யாணம் கழிஞ்ஞு. ஒருநாளைக்கு இருபது தடவை நான் சொல்லுகிற சொல். முடிந்தது. முடித்தாயிற்று. ராஜன், "எந்து பற்றி சேட்டா?" என்று, எனக்கு என்ன ஆயிற்றோ என எழுந்து வந்தார். நான் உள்ளே ஓடிக் கவரை மேசையில் கொட்டினேன். எல்லாவற்றிலும் 'கழி' என்றுதான் இருந்தது. கிளறிக் கிளறிப் பார்த்தேன். அடியில் ஒன்றில் மட்டும், அவசரம் இல்லாத ஏதோ ஒரு நாளில் எழுதியது போல, முழுசாக இருந்தது: 'கழிஞ்ஞு 2'. வாசித்து முடித்தது, இரண்டாம் தடவை.

பிந்துவுக்குப் போன் போட்டேன். இந்தத் தடவை எழுத்தெழுத்தாக வாசித்துக் காட்டினேன்.

"கழிஞ்ஞுவா?" என்றாள். "அதை அச்சன் எப்பவும் பறயுமே அங்கிள். புக்கை மூடி வச்சிட்டு, 'சரோஜினீ, இது கழிஞ்ஞு'ன்னு அம்மைகிட்ட பறயும்." பிறகு அவளுக்கும் புரிந்தது. "ஐயோ. அப்போ நாம களஞ்ஞது..."

நான் போனை வைத்துவிட்டு ஆட்டோவில் கரமனைக்குப் போனேன். அங்கே பழைய பேப்பர் கடை வைத்திருப்பவர் தாடி வைத்த பெரிய ஆள். விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்தார். "கொள்ளாம் சேட்டா! இன்னலே வரை வேஸ்ட், இன்னு நிதியோ?" நேற்றுவரை குப்பை, இன்றைக்குப் புதையலா என்கிறார். முதல் வண்டியில் வந்ததெல்லாம் மில்லுக்குப் போய்விட்டது. லாரி டிரைவருக்குப் போன் செய்தோம். இறக்கியாகிவிட்டது, மறுநாளே கூழாகியிருக்கும் என்றான். ஒன்றும் இரண்டும் மட்டும் பள்ளிக்கூட நோட்டுகளுக்கும் கல்யாணப் பத்திரிகைகளுக்கும் அடியில் மூலையில் கிடந்தன. சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினேன். மூட்டை தூக்கியவன்தானே, வெட்கம் என்ன? நாலு நாள் போனேன். யானை நோய் கிடைத்தது. நிலச்சட்டம் கிடைத்தது. பாதி கிழிந்து இலக்கணம் கிடைத்தது. தாடிக்காரர் முதல் நாள் கேலி செய்தார், இரண்டாம் நாள் டீ வாங்கித் தந்தார், மூன்றாம் நாள் அவரும் குனிந்து தேடினார். ஒன்றிரண்டு தடவையோடு அண்ணாச்சி விட்டுவிட்ட புத்தகங்களெல்லாம் திரும்பி வந்தன. திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்த புத்தகங்கள் ஒன்றுகூட இல்லை.

கிடைத்தவற்றை வாயனசாலைக்குக் கொடுத்துவிட்டேன். அங்கே தமிழுக்கு ஒரு அலமாரி ஒதுக்கியிருக்கிறார்கள், போய்ப் பாருங்கள். அவர் வாசிக்காமல் போன புதுப் புத்தகங்கள் என்னிடமே இருக்கட்டும் என்று பிந்து சொன்னாள். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. கல்லாவில் உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். அந்த ஒன்பது மட்டும் என்னை விடவே இல்லை. போன வாரம் மறுபடி பிந்துவைக் கூப்பிட்டு, ஒரே புத்தகத்தை அப்பா அடிக்கடி வாசித்தது ஞாபகம் உண்டா என்று கேட்டேன்.

"உண்டு அங்கிள்" என்றாள். "நான் ஸ்கூல்ல படிக்கும்போ. மழைக்காலம் வந்தா அச்சன் ஒரு புக்கு எடுக்கும். தமிழ்ப் புக்குதான். பாத்துப் பாத்து மலையாளத்தில சொல்லிக் கொடுக்கும். அம்மை தச்சுக்கிட்டே கேக்கும். எல்லா மழைக்கும் அதே கதை."

"அட்டை இருந்துதாம்மா?"

"இல்ல. சின்னதில நான் கீறிக் கிழிச்சிட்டேன். அச்சன் ஒண்ணும் பறயல."

அந்தக் கழி ஒன்பதேதான். பேனாவை எடுத்துக்கொண்டேன். "கதை என்ன? பேரு தெரியுமா?"

"பேரு அறியில்ல. ஒரு ஆளு, ஊரு ஊராப் போகும். போற இடத்திலெல்லாம் கிணறு வெட்டும். வெள்ளம் வந்தா அந்த ஊரை விட்டுப் போயிடும்."

எழுதிக்கொள்ளப் போனவன் பேனாவை நிறுத்தினேன். "பிந்து, வெள்ளம்னா தண்ணியா, ஊருக்குள்ள வார வெள்ளமா?"

அவள் சிரித்துவிட்டாள். "தண்ணி அங்கிள். கிணத்துத் தண்ணி." பிறகு சொன்னாள்: "கடைசியில ஒரு ஊர்ல மட்டும் எத்தனை வெட்டினாலும் தண்ணி வராது. அந்த ஆளு அங்கேயே இருந்திடும். அந்த இடம் வரும்போ அம்மை மிஷினை நிறுத்திடும்."

அண்ணாச்சியிடமிருந்து என்னிடம் நிற்பது என்ன என்று கேட்டால், புத்தகம் இல்லாத சீட்டுகள் ஒரு கவர் நிறைய. சொல்லைக் காதில் வாங்கியதும் 'எந்த அர்த்தத்தில்?' என்று இன்னொரு தடவை கேட்டுக்கொள்கிற புதுப் பழக்கம். அதற்கு மேல் இந்தத் தேடல். பழைய புத்தகக் கடைகளில் கிணறு வெட்டுகிறவன் கதை இருக்கிறதா என்று கேட்டால் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். உங்களில் யாரிடமாவது அவர் இந்தக் கதையைப் பற்றிப் பேசியிருந்தால், புத்தகத்தின் பெயரோ எழுதியவர் பெயரோ ஒரு நுனியாவது ஞாபகம் இருந்தால், தயவுசெய்து கடைக்கு வந்து சொல்லுங்கள். வாங்கி மஸ்கட்டுக்கு அனுப்ப வேண்டும்; அதற்கு முன் நான் ஒரு தடவை வாசிக்க வேண்டும். கிணறு என்ற சொல் கண்ணில் பட்டால் வாங்கிவிடுகிறேன். இதுவரை மூன்று புத்தகம் முழுதாக வாசித்தாயிற்று. ஒன்றில் கிணற்றில் ஒரு பெண் விழுகிறாள், ஒன்றில் புதையல் இருக்கிறது, மூன்றாவது கிணற்றுப் பாசனம் பற்றியது. நாலாவதில் இப்போது எண்பதாம் பக்கத்தில் இருக்கிறேன். ஒரு ஆள் பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு ஊருக்குள் நடந்து போகிறான். இன்னும் கிணறு வரவில்லை.